கமலாவுக்கு, உன் பேத்தியின் கேள்விக்காக

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்திருப்பேன். குறுவை அறுப்பும் மழையும் ஒன்றாக வந்து சேர்ந்துவிட்டன. ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் திறந்ததால் குடமுருட்டியில் தண்ணீருக்குக் குறையில்லை. நெல்லும் நன்றாகத்தான் விளைந்தது. ஆனால் கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக் கூடாது. பாபநாசம் ரோட்டில் நெல்லைப் பரப்பி, தூறல் விழுந்தால் தார்ப்பாயைப் போட்டு மூடி, வெயில் வந்ததும் திறந்து காலால் கிண்டிவிடுவதே வேலையாகிவிட்டது. இப்போதுதான் எல்லாம் முடிந்தது. சம்பா நாற்று தயாராக இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

உன் பேத்தி கேட்டிருக்கும் கேள்வியைப் படித்ததும் மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். பெருவெடிப்பில் பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமமாகத் தோன்றின, இரண்டும் சேர்ந்தால் அழிந்து ஒளியாகிவிடும், அப்படியென்றால் நாம் எப்படி மிஞ்சினோம் என்கிறாள். முப்பது வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். இதைக் கேட்ட பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எதிர்ப்பொருளைக் கதையில் மட்டும் வருவதாக அவள் நினைத்திருந்தால், என் மூத்த அத்தானின் கதையைச் சொல். போன மாசம் அவருக்குத் திருச்சியில் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரை மாதிரியான ஒரு மருந்தில் ஃபுளோரின்-18 சேர்த்து ஊசி போட்டு, பேசாமல் அசையாமல் ஒரு மணி நேரம் படுக்க வைத்தார்கள். அந்த ஃபுளோரின் 110 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். குறையும்போது பாசிட்ரான்களை வெளிவிடும். பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள்தான். உடம்புக்குள்ளேயே ஒரு எலக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் அழியும். அழிந்த இடத்திலிருந்து இரண்டு காமாக் கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் பாயும். அந்த ஜோடிகளைப் பிடித்துத்தான் படம் போடுகிறார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை நினைத்துக்கொண்டே இருந்தேன். டிராக் 1928-இல் சமன்பாடாக எழுதியதிலிருந்து வெளிவந்த துகள், ஆண்டர்சன் 1932-இல் முகில் அறையில் (துகள் போன தடத்தைக் காட்டும் ஆவிப் பெட்டியில்) ஒரு வளைந்த கோடாகப் பார்த்தது, இன்று அத்தானின் நுரையீரலில் கட்டி இருக்கிறதா என்று தேடுகிறது. (கட்டி இல்லை, பழைய காசநோய்த் தழும்புதான். கவலைப்படாதே.)

சரி, கேள்விக்கு வருகிறேன். பொருளையும் எதிர்ப்பொருளையும் இயற்கை துளிக்கூட வேறுபடுத்தாமல் நடத்தியிருந்தால் நாம் இல்லை. அதனால் எங்கோ ஒரு பாரபட்சம் இருந்தே ஆக வேண்டும். அது எங்கே என்பதுதான் தேடல்.

முதலில் உடைந்தது கண்ணாடிச் சமச்சீர், அதாவது இயற்கையில் நடக்கும் எதுவும் அதன் கண்ணாடிப் பிம்பம் மாதிரியும் நடக்க முடியும் என்ற நம்பிக்கை. பூம்புகாரில் நாம் சங்கு பார்த்தோமே, நினைவிருக்கிறதா? இடம்புரி கூடை கூடையாக இருந்தது, வலம்புரி ஒன்றுகூட இல்லை. ஆனால் வலம்புரியை இயற்கையின் விதி தடுக்கவில்லை. அது அந்த உயிரின் பரம்பரை வழக்கம், அவ்வளவுதான். அணுக்கருவிலும் அப்படித்தான் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். லீ, யாங் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1956-இல் சந்தேகம் எழுப்பினார்கள். சியென்-ஷியுங் வூ என்ற பெண்மணி கோபால்ட்-60-ஐ தனிச்சுழி வெப்பநிலைக்கு (அதற்குக் கீழே குளிரவே முடியாத எல்லைக்கு) வெகு அருகில் குளிர்வித்து, காந்தப்புலத்தால் அணுக்கருக்களின் சுழற்சியை ஒரே திசையில் நிறுத்திப் பார்த்தார். வெளிவந்த எலக்ட்ரான்கள் சுழற்சியின் அச்சுக்கு எதிர்ப்பக்கமே அதிகம் போயின. கண்ணாடிக்குள் தெரியும் அதன் பிம்பம் நிஜ உலகில் நடப்பதே இல்லை. சங்கில் இருப்பது வழக்கம். இங்கே விதியே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 1957-இல் லீக்கும் யாங்குக்கும் நோபல் கிடைத்தது. வூவுக்குக் கொடுக்கவில்லை. இதை வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் சொன்னேன். உன் பேத்தியிடமும் சொல்லிவிடு.

அப்போதும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கண்ணாடியில் பார், கூடவே துகளுக்குப் பதில் எதிர்த்துகளையும் வை, இரண்டையும் சேர்த்துச் செய்தால் கணக்கு சரியாகிவிடும் என்றார்கள். 1964-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் குரோனினும் ஃபிட்சும் அதையும் பொய்யாக்கினார்கள். கேயான் என்று சீக்கிரம் சிதைந்துவிடும் ஒரு துகள் உண்டு. மின்சுமை இல்லாத கேயான்களில் கொஞ்சம் நீண்ட நேரம் வாழும் வகை ஒன்று இருக்கிறது. அந்தச் சமச்சீர் உண்மையென்றால் அது பையான் என்ற இன்னும் லேசான துகள்கள் இரண்டாகச் சிதையவே கூடாது. ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு அப்படிச் சிதைந்தன.

அதே கேயான் எலக்ட்ரானைவிடப் பாசிட்ரானைக் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறது என்றும் பின்னால் தெரிந்தது. வித்தியாசம் ஆயிரத்தில் மூன்று அளவுதான். எனக்கு இதில்தான் அதிசயம் தீரவே இல்லை, கமலா. எங்கோ ஒரு கிரகத்தில் ஒருவர் இருக்கிறார், அவரோடு பேச மட்டும்தான் முடியும் என்று வைத்துக்கொள். 'நீங்கள் பொருளா, எதிர்ப்பொருளா?' என்று எப்படிக் கேட்பது? நேர்மின்சுமை என்று நாம் சொல்வது நாமாக வைத்த பெயர், அவருக்கு அது ஒன்றும் சொல்லாது. ஆனால் கேயான் அதிகமாகத் தரும் அந்த லேசான துகள் உங்கள் அணுவைச் சுற்றும் துகளா, அதன் எதிரியா என்று கேட்கலாம். 'எங்கள் அணுவில் இருப்பதேதான்' என்று அவர் சொன்னால் கை குலுக்கப் போகக் கூடாது.

கோபயாஷியும் மஸ்காவாவும் 1973-இல் இதற்குக் காரணம் சொன்னார்கள். புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்கு என்ற அடிப்படைத் துகள்களால் ஆனவை. அன்று தெரிந்திருந்தது மூன்று வகைக் குவார்க்குகள். இந்தப் பாரபட்சம் வர வேண்டுமானால் ஆறு வேண்டும் என்றார்கள். கடைசிக் குவார்க்கு 1995-இல் கிடைத்தது. இதைவிடத் துணிச்சலான ஊகம் இயற்பியலில் அதிகம் இல்லை என்பேன்.

நீ அனுப்பிய பத்திரிகைத் துணுக்கு இதன் தொடர்ச்சிதான். அதற்கு முன் இந்த வேறுபாட்டை மீசான்களில்தான், அதாவது கேயான் மாதிரி ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்களில்தான், பார்த்திருந்தார்கள். நாமோ புரோட்டானாலும் நியூட்ரானாலும் ஆனவர்கள், அவை மூன்று குவார்க்குகள் சேர்ந்த பேரியான்கள். 2025-இல்தான் ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சிபி என்ற குழு அதைப் பேரியானிலும் கண்டது. அந்த ஆறில் ஒன்றான பாட்டம் குவார்க்கு கொண்ட லாம்டா என்ற பேரியான் ஒரு புரோட்டான், ஒரு கேயான், இரண்டு பையான்களாகச் சிதைகிறது. அது அப்படிச் சிதையும் வீதத்துக்கும் அதன் எதிர்ப்பேரியான் சிதையும் வீதத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை சதவீத வித்தியாசம்.

அப்படியானால் விடை கிடைத்துவிட்டதா என்று உன் பேத்தி கேட்பாள். இல்லை. இன்று பிரபஞ்சத்தில் ஒரு புரோட்டானுக்கோ நியூட்ரானுக்கோ சுமார் 160 கோடி ஒளித்துகள்கள் இருக்கின்றன. அதை வைத்துப் பார்த்தால் ஆதியில் நூறு கோடி எதிர்த்துகளுக்கு நூறு கோடியே ஒன்று என்ற அளவில்தான் பொருள் கூடுதலாக இருந்திருக்கிறது. அந்த ஒன்றுதான் நாம். அந்த ஒன்றைத் தருவதற்குக்கூட, இதுவரை அளந்த பாரபட்சம் எல்லாம் சேர்ந்தும் கோடிக்கணக்கான மடங்கு போதாது. பத்திரிகைகள் 'மர்மம் விலகியது' என்று தலைப்புப் போடுவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. மர்மம் எவ்வளவு பெரியது என்பது இப்போது இன்னும் துல்லியமாகத் தெரிகிறது, அவ்வளவே.

மீதிப் பாரபட்சம் நியூட்ரினோவில், அதாவது மின்சுமை இல்லாத, எதிலும் எளிதில் மோதாத மிக லேசான துகளில், இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அதில்தான் நம்பிக்கை. ஜப்பானில் டோக்காயிலிருந்து 295 கிலோமீட்டர் தள்ளி கமியோக்காவில் உள்ள பெரிய நீர்த்தொட்டிக்கு நியூட்ரினோக்களை அனுப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னச் சின்னக் குறிப்புகள் வந்திருக்கின்றன, உறுதியாகச் சொல்ல அவை போதாது. அதைவிடப் பெரிய தொட்டி ஒன்றையும் கட்டி வருகிறார்கள். உன் பேத்தி கல்லூரி முடிக்கும்போது அதிலிருந்து வரும் கணக்குகளை அவளே படிக்கலாம்.

பொங்கலுக்கு அவளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாடி. டிக்கெட் போட்டதும் எழுது. கும்பகோணம் ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
லலிதா