மதுரை நாடகக் கலைஞர்களுக்குத் துணைநிற்கும் நமது மன்றத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மன்றத் தலைவர் அவர்களுக்கும் மூத்த கலைஞர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு எட்டு முறை கூடியது. நவம்பர் 13 அன்று நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவு நாளில் படத்துக்கு மாலை அணிவித்து, சுவாமிகளின் பாடல்களைப் பாடினோம். பொங்கலுக்கு மூத்த கலைஞர்கள் பதினோரு பேருக்கு வேட்டி, சேலை வழங்கினோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. மறைந்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

அடுத்து, நாடக நோட்டீஸ் சேகரிப்பு. சென்ற பொதுக்குழுவில் “பழைய தாளைச் சேர்த்து என்ன ஆகப்போகிறது?” என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு நிலையான குழு கிடையாது. திருவிழாவுக்கு நாடகம் வைக்கும் ஊர்க்காரர்கள் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அமர்த்துகிறார்கள். ஒத்திகை இல்லை. அன்றைய வள்ளியும் முருகனும் பல நேரம் மேடைக்கு வந்த பிறகுதான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் நாடகம் விடியும்வரை குலையாமல் நிற்கிறதென்றால், அதைத் தாங்குகிறவர் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறார். யாருக்கு எந்தக் கட்டை சுருதி, வள்ளி நாரதர் தர்க்கத்தில் எந்த இடத்தில் எந்தப் பாட்டு வரும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். பக்கத்தில் மிருதங்கமும், பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்டும். பின்னால் சீன் கட்டுகிறவர். ஊர் இவர்களின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை.

1918-இல் சுவாமிகள் இதே மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். அங்கே சிறுவர்களாகச் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களை நாடறியும். அங்கே திரை இழுத்தவரின் பெயரை நம்மில் யார் சொல்லுவோம்?

வாத்தியக்காரர்களின் பெயர் அச்சில் ஏறுவது நோட்டீஸில்தான். ஊர், தேதி, நாடகம், வாசிப்பவர் பெயர், கீழே அச்சகத்தின் பெயர். முதுமையில் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத உட்காரும்போது, நாற்பது ஆண்டு வாசித்தவரிடம் காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை. இவ்வாண்டு இரண்டு விண்ணப்பங்களுடன் நோட்டீஸ் நகல்களை இணைத்து அனுப்பினோம். முடிவு இன்னும் வரவில்லை.

வீடு வீடாகப் போய் 412 நோட்டீஸ் சேர்த்திருக்கிறோம். மிருதங்கக் கலைஞர் ஒருவரின் மனைவி, காலமான கணவரின் நோட்டீஸ்களைத் தன் கலியாணச் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். கொடுக்க மனம் வரவில்லை. அவர் கண்ணெதிரிலேயே படம் எடுத்துத் திருப்பிக் கொடுத்தோம். ஆல்ரவுண்ட் வாசித்த பெரியவர் ஒருவரிடம், மானாமதுரைப் பக்கத்து ஊரில் 1983-இல் நடந்த நாடகத்தின் நோட்டீஸைக் காட்டினேன். தன் பெயரின்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். “அன்றைக்கு மழை, தம்பி. பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு கோயில் மண்டபத்தில் நின்றோம். சனம் கலையவே இல்லை. மூன்று மணிக்கு மறுபடி தொடங்கினோம்” என்றார். அந்தத் தாளின் நகலைச் சட்டம் போட்டு அவர் வீட்டில் மாட்டிக்கொடுத்தோம். இதற்குமேல் என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறுதோறும் நோட்டீஸ்களைப் பிரித்து அடுக்க வருவதாகப் பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் உறுப்பினரே அல்லர், பக்கத்துத் தெருவிலிருந்து வந்த கல்லூரி மாணவி. கலைஞர்களை நான் குறை சொல்லவில்லை. திருவிழாக் காலத்தில் இரவெல்லாம் மேடையில் விழித்து, பகலில் பஸ்ஸில் தூங்குகிறவர்கள் அவர்கள். மொத்தம் 96 உறுப்பினர்களில் ஆண்டுச் சந்தா 300 ரூபாயைக் கட்டியவர்கள் 38 பேர் மட்டுமே. அந்த 38 பேரில் பெரும்பாலோர் கலைஞர்கள். நிலுவை வைத்திருப்போரில் பெரும்பாலோர் கடையும் வாடகை வருமானமும் உள்ள ஆதரவாளர்கள். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக நின்றன. சிறு பற்றாக்குறையைப் பொருளாளர் தம் கையிலிருந்து ஈடுகட்டியிருக்கிறார். விவரம் தணிக்கை முடிந்ததும் பலகையில் ஒட்டப்படும். நோட்டீஸ் பணியில் நகலுக்கும் உறைக்கும் மட்டுமே மன்றப் பணம் செலவானது. பஸ் கட்டணம் என்னுடையது.

தலைவர், பொருளாளர், முகாமுக்கு வந்த மருத்துவர்கள், பழைய பிரதிகளைத் தேடிக் கொடுத்த அச்சகத்தார், வேட்டி சேலையை அடக்க விலைக்குக் கொடுத்த கடைக்காரர் ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒன்று. நோட்டீஸ்கள் என் வீட்டு முன்னறையில் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் இருக்கின்றன. ஐப்பசியில் மகள் பிரசவத்துக்கு வருகிறாள், அந்த அறை வேண்டும். மன்றத்தின் பின்னறை ஒழுகுகிறது. ஓடு மாற்றி ஒரு பீரோ வாங்கிவிட்டால் பெட்டிகளை இங்கே கொண்டுவந்துவிடலாம். நிலுவைச் சந்தா வந்தாலே இரண்டுக்கும் போதும், தனி நன்கொடை கேட்க வேண்டியதில்லை. செயலாளர் பொறுப்பில் எனக்கு இது ஆறாவது ஆண்டு. வேறொருவர் முன்வந்தால் மனநிறைவோடு ஒப்படைப்பேன், அந்த இரண்டு பெட்டிகளையும் சேர்த்து அவர் ஏற்றுக்கொள்வதானால்.

கூட்டம் முடிந்த பிறகும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலில் இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்