நீ அனுப்பிய கண் மாத்திரை

மதுரை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய கண் மாத்திரை டப்பா போன வாரம் வந்து சேர்ந்தது; அதை நான் இன்னும் பிரிக்கவில்லை. காரணத்தைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் எழுத உட்கார்ந்தேன். எழுத்து பெரிதாக இருக்கும், வரி கோணலாகப் போனாலும் போகும், பொறுத்துக்கொள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவனுக்கு, கோடு கோணினால் தன் கண்ணுக்குத் தப்பாது என்ற கர்வம் இருந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் இடது கண்ணில் நேர்க்கோடுகள் எத்தனை நாளாக வளைந்து தெரிந்தனவோ, நான் அறியவே இல்லை. ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது சீயக்காய் பட்டு வலது கண்ணை மூடிக்கொண்ட நேரத்தில்தான், குளியலறைச் சுவரின் டைல்ஸ் கோடுகள் நடுவில் நெளிந்து, அந்த இடத்தில் மைக்கறை போல ஒன்று நிற்பதைக் கண்டேன். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை நல்ல கண் மற்றதன் குறையை மூடிக்கொண்டே வரும். கண்ணாடிக் கடையில் பவர் மாறியிருக்கிறது என்று சொல்லிப் புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். அதில் இன்னும் ஒரு மாதம் வீணாயிற்று. அந்த மாதத்தை நினைத்துத்தான் எனக்கு வருத்தம். பிறகு கண் மருத்துவரிடம் போனபோதுதான் இது வயதானால் வரும் மாகுலாச் சிதைவு என்ற நோய் என்று தெரிந்தது.

விழித்திரையின் நடுவில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலமுள்ள மாகுலா என்ற இடத்தைக் கொண்டுதான் நாம் எழுத்தைப் படிக்கிறோம், முகத்தை அடையாளம் காண்கிறோம். வயதாக ஆக அதன் அடியில் கழிவுகள் மஞ்சள் புள்ளிகளாகப் படிகின்றன. இதை உலர் வகை என்கிறார்கள், பெரும்பாலும் மெதுவாகவே நகரும். சிலருக்கு அந்த இடத்தில் வலுவற்ற புது இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. இது ஈர வகை, சில வாரங்களிலேயே பார்வையைக் கெடுத்துவிடும். எனக்கு இடது கண்ணில் ஈர வகை, வலது கண்ணில் நடுத்தர நிலையில் உலர் வகை. இடது கண்ணுக்கு மாதம் ஒன்றாக மூன்று ஊசி போட்டாயிற்று. இனி விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனைப் பார்த்து ஊசிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவார்களாம். கண்ணுக்குள் ஊசி என்றதும் அம்மா அழுதாள், ஆனால் சொட்டு மருந்து விட்டு மரத்துப்போகச் செய்த பிறகு ஓர் அழுத்தம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. புதுக் குழாய்களை வளரத் தூண்டும் புரதத்தை இந்த மருந்து கட்டிப்போடுகிறது. எனக்குப் போடுவது பெவாசிசுமாப். முதலில் புற்றுநோய்க்கென வந்த மருந்து, அதைச் சிறு அளவுகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுவதால் விலை குறைவு. விலை உயர்ந்த ரானிபிசுமாப்புக்கு இணையாகவே இது பார்வையைக் காக்கிறது என்று 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது என்பதால், பணத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

இனி உன் டப்பாவுக்கு வருகிறேன். அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஏரெட்ஸ் என்ற ஆய்வில்தான் இந்த மாத்திரைக் கலவை பிறந்தது. நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் முற்றியவர்களுக்கும், ஐந்து ஆண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பை அது சுமார் 25 சதவீதம் குறைத்தது. நோயே இல்லாதவர்களுக்கும் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கும் அதனால் பயன் காணப்படவில்லை. ஆகவே "முன்னெச்சரிக்கையாக நானும் தினம் ஒன்று போடுகிறேன்" என்று நீ சொன்னாயே, அது வீண் செலவு. அதிலுள்ள 80 மில்லிகிராம் துத்தநாகம் உன் வயிற்றைத்தான் புரட்டும். நான் அதை விழுங்காததற்குக் காரணம் வேறு. டப்பாவின் மேல் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தேன், பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. 2013இல் வந்த இரண்டாவது ஆய்வில் அதை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் முன்பு புகைத்து விட்டவர்கள். நான் பீடியை விட்டுப் பதினெட்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குப் பதிலாக 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் ஸியாசாந்தினும் சேர்ந்த மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது இங்கேயே கிடைக்கிறது.

அந்த இரண்டு சத்துகளும்தான் மாகுலாவுக்கு அதன் மஞ்சள் நிறத்தைத் தருகின்றன. முருங்கைக்கீரையிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் அவை உண்டு. கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும் என்பதால், எண்ணெய் விட்டுத் தாளித்துத் தேங்காய் தூவும் அம்மாவின் பொரியலுக்கு இப்போது என்னிடம் மறுபேச்சில்லை. மத்தியும் அயிலையும் வாரம் இரண்டு நாள். மீனெண்ணெய் மாத்திரை வேண்டாம், அது இந்த நோய்க்குக் கூடுதல் பலன் தரவில்லை என்று அதே 2013 ஆய்வு சொல்லிவிட்டது.

உன் அப்பத்தாவை நினைத்துப் பார். கடைசிக் காலத்தில் யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்துப் பேசுவார். அரிசியில் கல் பொறுக்கத் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் தேடுவார். புரை என்றே நாங்கள் இருந்துவிட்டோம். நடுப்பார்வை போய் ஓரப்பார்வை மட்டும் எஞ்சியவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. இந்த நோய் குடும்பத்தில் வரக்கூடியது; காம்ப்ளிமென்ட் ஃபாக்டர் எச் என்ற மரபணுவின் ஒரு மாற்றத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று 2005இலேயே கண்டறிந்திருக்கிறார்கள். அப்பத்தாவிடமிருந்து எனக்கு வந்திருந்தால், என்னிடமிருந்து உனக்கும் வந்திருக்கலாம்.

அதை மாற்ற உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. மாற்றக்கூடியவற்றில் முதலாவது சிகரெட். புகைப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். அம்மாவிடம் விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறாய். போன பொங்கலுக்கு நீ வந்து போனபின், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த துண்டுகளைப் பெருக்கி எடுத்தவன் நான், அவளிடம் சொல்லவில்லை. உன் வயதில் நான் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடித்தவன் என்பதால் அதட்டும் தகுதி எனக்கில்லை, கேட்டுக்கொள்ளத்தான் முடியும். உனக்கு நாற்பத்து மூன்று ஆகிறது. கண்மணியை விரித்துப் பார்க்கும் முழுப் பரிசோதனை ஒன்றை இந்த ஆண்டே செய்துகொள்; குடும்பத்தில் இருக்கிறது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல். இரத்த அழுத்தத்தையும் கவனி.

என் வலது கண்ணுக்கு நான் காவல் இருக்கிறேன். ஆம்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் வகுத்த கட்டத் தாள் ஒன்றைத் தந்திருக்கிறார்கள். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர், உள்ளே நானூறு சிறு கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. காலையில் காப்பிக்கு முன், படிக்கும் கண்ணாடியைப் போட்டு, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கிறேன். பழைய புலப்படத் தாள் மாதிரியே இருப்பதால் எனக்கு அது வேலையாகத் தோன்றவில்லை. வலது கண்ணில் இன்றுவரை கோடுகள் நேராகவே இருக்கின்றன. ஒரு கட்டம் கோணினாலும் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த பரிசோதனை வரும் வியாழக்கிழமை. அம்மா கூட வருகிறாள். டப்பாவைத் திருப்பி அனுப்பினால் தபால் செலவே அதன் விலையைத் தாண்டும் என்பதால் பரணில் வைத்துவிட்டேன். உன் பரிசோதனை முடிந்ததும் அவர்கள் எடுக்கும் விழித்திரைப் படத்தை எனக்கு அனுப்பு. என் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா