வைட்டான் என்று விற்ற வாஷர் ஒரே ராத்திரியில் ஊதிப்போனது பற்றி

அனுப்புநர்:
பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர்,
கும்பகோணம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
விளக்கு, ஸ்டவ் உதிரிபாக விற்பனை நிறுவனம்.

பொருள்: வேறு ரப்பரை வைட்டான் என்று விற்றது, பணத்தைத் திருப்பித் தரவும், விற்பனையை நிறுத்தவும் கோருதல்.

ஐயா,

வணக்கம். சென்ற மாதம் உங்களிடம் இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஒன்றில் பெட்ரோமாக்ஸ் எண்ணெய் மூடிக்கான வாஷர் பத்து: வெளி விட்டம் 28 மி.மீ., உள் விட்டம் 18, கனம் 3. இன்னொன்றில் பம்ப் ஸ்டவ் பர்னருக்கு அடியில் போடும் வாஷர் ஐந்து. இரண்டின் மேலும் 'வைட்டான், சூடு தாங்கும்' என்று லேபிள் ஒட்டியிருந்தது. விலை இங்கே கடைத்தெருவில் கேட்பதைப்போல மூன்று மடங்கு. வைட்டான் என்பது சூட்டையும் எண்ணெயையும் தாங்கும் விலை கூடிய ரப்பர், அப்படித்தான் இருக்கும் என்று பேசாமல் கட்டினேன்.

என் அப்பா வாடகை விளக்குக் கடை வைத்திருந்தவர். கடை போய்விட்டது, ஆறு விளக்குகள் மட்டும் மிச்சம். வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் தெரு மாரியம்மன் வீதியுலாவில் நான்கு விளக்குகள் தலைச்சுமையாகப் போகும். ஜெனரேட்டர் வண்டியும் பின்னால் வரும், அது வேறு விஷயம்.

உலாவுக்கு முதல் நாள் உங்கள் வாஷரைப் போட்டு எரித்துப் பார்த்தேன். ஒழுகவில்லை. அங்கேதான் ஏமாந்தேன். மறுநாள் சாயங்காலம் எண்ணெய் ஊற்ற மூடியைத் திறந்தால் வாஷர் பள்ளத்தை விட்டுப் பிதுங்கி நின்றது. நேரமாகிவிட்டதே என்று அமுக்கி உட்கார வைத்து மூடினேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். டேங்க் நிறைந்தால் ஒரு லிட்டர், எட்டு மணி நேரம் எரிய வேண்டிய விளக்கு அது. அரை மணியில் மங்கியது. டேங்கின் காற்றழுத்தம் காட்டும் மீட்டர் முள் சிவப்புக் கோட்டிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. சுமந்து வந்த பையன், "அண்ணே, கழுத்துல ஏதோ சொட்டுது" என்றான். தொட்டுப் பார்த்தேன், மண்ணெண்ணெய். மேலே மேன்டில் (வெளிச்சம் தரும் வலை) எரிகிறது, கீழே எண்ணெய் வழிகிறது. உடனே இறக்கிக் காற்றைத் திறந்துவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் சேவைப் பிரிவுக்குப் போன் செய்தேன். "மூடியை ஓவரா டைட் வெச்சிருப்பீங்க சார்" என்றார்கள். சரி, மிச்சம் ஒன்பது வாஷர் பிரிக்காமல் இருக்கிறதே, அதைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒன்பதையும் நகைக்கடைத் தராசில் போட்டேன்: 11.5 கிராம். இருமல் மருந்து அளவுக் குப்பியில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட்டால், தண்ணீர் ஏறியது கிட்டத்தட்ட 10 மில்லி. அதாவது ஒரு மில்லிக்கு 1.2 கிராம்கூட இல்லை. வைட்டான் கனத்த ரப்பர், 1.8 அளவில் இருக்கும். அசல் சரக்காக இருந்திருந்தால் தராசு 18 கிராம் காட்டியிருக்கும். நிறத்தை வைத்து ரப்பரைக் கண்டுபிடிக்க முடியாது, எந்த ரப்பருக்கும் பழுப்புச் சாயம் ஏற்றலாம். எடை பொய் சொல்லாது.

வைட்டான் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஒன்றை வெட்டி நெருப்பில் காட்டினேன். (வைட்டானை எரிக்கவே கூடாது, புகை விஷம்.) வெள்ளை வெளேரென்று சாம்பல் விழுந்தது. அது சிலிக்கான் ரப்பரின் அடையாளம். இன்னொன்றை ஊறுகாய் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டேன். காலையில் 28 மி.மீ. 33 ஆகியிருந்தது. நகம் பட்டாலே கிழிந்தது.

சிலிக்கான் மட்டமான ரப்பர் என்று நான் சொல்லவில்லை. 200 டிகிரி சூட்டை அதுவும் தாங்கும். குக்கருக்கும் அடுமனைக்கும் நல்ல சரக்கு. ஆனால் மண்ணெண்ணெயைக் குடித்து ஊதிவிடும். எண்ணெய் மூடியில் சூடு இரண்டாம் பட்சம், எண்ணெய்தான் முதல் சோதனை. நீங்கள் சூட்டை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அப்பா லாரி டியூபை வெட்டிப் போடுவார். அதுவும் ஊறி இளகும், அதனால் சீசனுக்குச் சீசன் மாற்றிவிடுவார். அந்த டியூப் வாஷருக்குக் காசு கிடையாது.

ஸ்டவ் பாக்கெட் இதைவிட மோசம். பர்னர் உட்காரும் இடத்தில் காலங்காலமாக ஈய வாஷர்தான் போடுவார்கள். முறுக்கும்போது நசுங்கி மேடுபள்ளத்தை அடைத்துக்கொள்ளும், 327 டிகிரி வரை உருகாது. அந்த இடத்தில் அசல் வைட்டானுக்கே வேலையில்லை. நீங்கள் அனுப்பியதோ அதே பழுப்புச் சிலிக்கான். நான் போட்டுப் பார்க்கவில்லை. சமையலறையில் யாராவது போட்டிருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

இரண்டு பாக்கெட்டின் விலையும் அனுப்பும் செலவும் 15 நாளில் எனக்குத் திரும்ப வர வேண்டும். இதே சரக்கை வாங்கிய மற்றவர்களுக்கும் மெசேஜ் அனுப்பி, போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். வைட்டான் என்று இனி விற்பதாக இருந்தால், ஒரு வாஷரை மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறப்போட்டு அளந்துவிட்டு விற்கவும். பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்.

பில் நகல், தராசுச் சீட்டு, ஊதிய வாஷரின் போட்டோ இணைத்துள்ளேன். ஊறுகாய் பாட்டில் வீட்டில் இருக்கிறது, உங்கள் ஆள் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பணம் தாமதமானாலும் பரவாயில்லை, அந்த ஸ்டவ் பாக்கெட் விற்பதை இன்றைக்கே நிறுத்துங்கள்.