ஓவியத்துக்கு முன்பே சுவருக்குக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழக எல்லையை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள எங்கள் குடியிருப்பின் பொதுச்சுவர்களில் ஓவியப் பணி நிறைவடைந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஓவியர்களைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டு அவர்களுக்கு முற்றிலும் தகும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தங்கள் பணத்தையும் உழைப்பையும் வைத்தவர்களுக்கும் ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்று எங்கள் குழு விரும்புகிறது. இந்த மடல் அவர்களுக்கானது.

முதல் நன்றி பூச்சு வேலைக்குக் கொடுத்தவர்களுக்கு. அங்கன்வாடியின் பக்கச்சுவரும் தண்ணீர்த் தொட்டியின் சுவரும் அடிப்பகுதியில் உவர் பூத்து, தட்டினாலே காரை உதிரும் நிலையில் இருந்தன. ஈரம் ஏறிய சுவரில் எவ்வளவு உயர்ந்த வண்ணத்தைப் பூசினாலும் ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழையில் அது கொப்பளித்துப் பெயர்ந்துவிடும். ஆகவே பழைய காரையைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, தண்ணீர் விட்டுப் பதப்படுத்தி, பூசிய நாளிலிருந்து 28 நாளாவது கழிந்த பிறகே பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடிக்க வேண்டியிருந்தது. இந்தச் செலவு வண்ணத்துக்கான செலவைவிடக் கூடுதலாகவே வந்தது. உதவ முன்வந்த பலரும் வண்ணத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது, சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரால்தான் இன்று அங்கே ஓவியம் நிற்கிறது. பாதிக் கூலிக்கு வேலை செய்துகொடுத்த கொத்தனார்களையும் சித்தாள்களையும், பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தை மாதத்தில் வீசும் பலமான கிழக்குக் காற்றுக்கு அசையாதபடி சாரத்தைக் கட்டித் தந்து வாடகையே வாங்காத அண்ணனையும் நாங்கள் மறக்க மாட்டோம்.

அந்தச் சுவர்களின் அடியில் தண்ணீர் தேங்காமல் இருக்க வடிகால் கட்டித் தந்த ஊராட்சிக்கும் எங்கள் நன்றி உரியது. 1996இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க வழிசெய்தது. கிராமசபையில் கேட்டு வாங்கக்கூடிய நிதி என்பதால்தான் எங்களைப் போன்றவர்களால் எழுந்து நின்று வடிகால் வேண்டும் என்று சொல்ல முடிந்தது. வடிகாலைக் கலைச்செலவு என்று எவரும் எழுத மாட்டார்கள். எங்கள் ஓவியத்தின் ஆயுளைக் கூட்டியது அதுதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அடுத்து, கேரள அரசின் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயின் எங்கள் அயல்கூட்டத்து (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழு) அக்காமாரின் கூலியைத் திட்டச் செலவில் சேர்க்கச் சொன்ன நண்பருக்கு நன்றி. சுவரில் எதை வரைவது என்று பேச ஒரு பகல் உட்கார்ந்தால், வயலுக்கோ தொழிலுறுதி என்னும் அரசு வேலைத் திட்டத்துக்கோ போகிறவர்களுக்கு அன்றைய வருமானம் போய்விடும். கூலி கொடுத்து உட்காரவைத்ததால் பெண்கள் அவசரமில்லாமல் பேசினார்கள், மறுத்தார்கள், மாற்றச் சொன்னார்கள். முதலில் வந்த மாதிரியில் இருந்த கதகளி முகத்தை வேண்டாம் என்று சொல்லி, தோல்பாவைக்கூத்தைக் கேட்டவர்களும் அவர்களே. இந்த மாவட்டத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், வரிசையாக எரியும் 21 விளக்குகளின் ஒளியில், மான்தோலில் செதுக்கிய பாவைகள் ஆட, கம்பராமாயணப் பாடல்கள் இன்றும் தமிழிலேயே ஒலிக்கின்றன. அந்தக் கூத்தும் ஊராரின் வழிபாட்டுக் காணிக்கையில் வளர்ந்த கலை. தொட்டிச் சுவரில் இராமனும் வாலியும் பாவைகளாக நிற்பதையும், அவர்களுக்குப் பின்னால் எங்கள் பனைமரங்கள் நிற்பதையும் பார்க்கும்போது, இந்த மண்ணில் தமிழ் பேசும் எங்கள் பிள்ளைகள் தங்களை விருந்தினராக எண்ண மாட்டார்கள் என்று மனதார நம்புகிறோம்.

பெரிய அளவில் நடந்த முயற்சிகளை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். மலம்புழை அணைப் பூங்காவில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்த யக்ஷி சிலையைக் காண இன்றும் கூட்டம் வருகிறது. சென்னைக் கண்ணகி நகரில், நகரின் பல பகுதிகளிலிருந்து குடிபெயர்க்கப்பட்ட மக்கள் வாழும் அடுக்குமாடிச் சுவர்களில், 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை மாநகராட்சியுடனும் ஆசியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்துடனும் சேர்ந்து ஓவியங்களைக் கொண்டுவந்தது. அந்த அளவு பணம் எங்களைப் போன்ற சிறு குடியிருப்புகளைத் தேடி வருவதில்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின் கீழ் வரும் பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது; கலையும் பண்பாடும் அந்தச் சமூகப் பணிகளின் பட்டியலில் உண்டு, தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. எங்களிடம் வந்த ஒரு நிறுவனம் சுவரின் நடுவில் தன் முத்திரையைப் பெரிதாக வரையச் சொன்னது, நாங்கள் இணங்கவில்லை. பின்னர் வந்த ஒரு சிறு ஆலையின் உரிமையாளர், தம் பெயர் எங்கும் வேண்டாம் என்று சொல்லி, பிரைமருக்கும் வெளிச்சுவர் எமல்ஷனுக்கும் ஆன முழுத் தொகையையும் கொடுத்தார். அவர் விருப்பத்தை மதித்து இங்கும் பெயரைக் குறிக்கவில்லை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் உள்ள மற்ற நிறுவனங்களும் அவரைப் பின்பற்ற வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாக, தமிழ்வழிப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் அம்மாவுக்கு எங்கள் வணக்கம். வரைவதற்குக் கொடுக்க நிறையப் பேர் வருவார்கள், வரைந்ததைக் காப்பதற்கு எவரும் வர மாட்டார்கள் என்று சொல்லி, அவர் தம் தொகையைப் பராமரிப்புக்கு மட்டுமே என்று எழுதிக் கொடுத்தார். அது இருவர் கையொப்பத்துடன் எடுக்கும் தனி வங்கிக் கணக்கில் இருக்கிறது. மேற்கு வெயில் படும் சுவரில் வண்ணம் முதலில் வெளிறும் என்பதால் அங்கே காவி, மஞ்சள் போன்ற மண் நிறங்களையே பயன்படுத்தியிருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பின் எல்லாச் சுவர்களையும் பார்த்துப் பழுதுகளை அந்தத் தொகையிலிருந்து சரிசெய்வோம்.

வரவு செலவுக் கணக்கு ஏடு எங்கள் வாசகசாலையில் வைக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் மாலை வேளையில் வந்து பார்க்கலாம்.

நன்றியுடன்,
சுவரோவியக் குழுவினர்