ஒன்பது மாத முழங்கால், பத்து மாத ஒப்பந்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் கால்பந்துக்கு நாளிதழ்களில் இடம் கூடிவருவது மகிழ்ச்சி. 2025 ஜனவரியில் அமெரிக்க வீராங்கனை நவோமி கிர்மா இங்கிலாந்தின் செல்சீ கிளப்புக்கு மாறியபோது, மகளிர் கால்பந்தில் மாற்றுத்தொகை முதன்முறையாக 10 லட்சம் டாலரைத் தாண்டியது. தலைப்புச் செய்தியும் ஆனது. ஆனால் அது ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுக்கும் பணம், ஆட்டக்காரியின் சம்பளம் அல்ல. மகளுக்குக் கால்பந்து சோறு போடுமா என்று கணக்குப் பார்க்கும் பெற்றோர் அந்தத் தொகையை ஒதுக்கிவிட்டு, ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும்.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி ஒப்பந்தம் குறைந்தபட்சம் அந்தப் போட்டிப் பருவம் (சீசன்) முடியும்வரை இருக்க வேண்டும். அதிகபட்சம் 5 ஆண்டுகள், 18 வயது நிரம்பாதவர்களுக்கு 3 ஆண்டுகள். நடைமுறையில் பல பெண்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பருவம்தான். இனி முழங்காலைப் பாருங்கள். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுந்தால் அறுவை சிகிச்சைக்குப் பின் போட்டியில் இறங்கக் குறைந்தது 9 மாதம் வேண்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. பருவத்தின் நடுவில், பத்து மாத ஒப்பந்தத்தில் நான்கு மாதம் பாக்கி இருக்கும்போது தசைநார் அறுந்தால், மிச்சமுள்ள ஐந்து மாத பிசியோதெரபிக்கு யார் பணம் கொடுப்பது? பல ஒப்பந்தங்களில் இதற்குப் பதிலே இல்லை.

ஆகவே கையெழுத்துக்கு முன் கேட்டு எழுதி வாங்க வேண்டியது முதலில் இதுதான்: ‘ஒப்பந்தக் காலத்தில் ஏற்பட்ட காயத்துக்கு, ஒப்பந்தம் முடிந்த பிறகும், மருத்துவர் ஆடலாம் என்று சொல்லும்வரை சிகிச்சைச் செலவு கிளப்பைச் சேரும்.’ அடுத்தது அடிப்படைச் சம்பளம். மொத்தத் தொகையில் பெரும்பகுதியை ‘ஆடிய போட்டிக்கு இவ்வளவு’ என்று வைத்திருந்தால், காயம்பட்ட மாதமே வருமானம் சரிந்துவிடும். சொல்லும் தொகை வரிக்கு முன்னா பின்னா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை வைக்க ஃபிஃபா விதி இடம் தரவில்லை; பரிசோதனையைக் கிளப் கையெழுத்துக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.

சம்பளம் நின்றுபோனால் பலர் தவறுவது ஓர் இடத்தில்தான்: கோபத்தில் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிமிடமே ஒப்பந்தத்தை மீறியது ஆட்டக்காரி என்று கிளப் திருப்பிச் சொல்ல வழி கிடைக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானதும், தொகையையும் தேதிகளையும் குறிப்பிட்டு, குறைந்தது 15 நாள் கெடு வைத்து, எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கெடு முடியும்வரை பயிற்சிக்குப் போக வேண்டும். அதன் பிறகும் பணம் வராவிட்டால் தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். வேறு நாட்டுக் கிளப்பில் ஆடுபவர் ஃபிஃபாவிடம் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. சொந்த நாட்டிலேயே ஆடுபவர் பெரும்பாலும் அந்நாட்டுச் சங்கத்தின் அமைப்பையோ நீதிமன்றத்தையோதான் நாட வேண்டியிருக்கும்.

எழுத்தில் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு ஐஸ்லாந்து வீராங்கனை சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிர் சாட்சி. கர்ப்பகாலத்தில் முழுச் சம்பளம் தராத பிரான்சின் லியோன் கிளப், 82,000 யூரோவுக்கும் மேல் கொடுக்க வேண்டும் என்று 2022-ல் ஃபிஃபா தீர்ப்பாயம் சொன்னது. 2021 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விதிப்படி மகப்பேறு விடுப்பு குறைந்தது 14 வாரம், அதில் 8 வாரமாவது பிரசவத்துக்குப் பின். அந்த விடுப்புக் காலத்துக்குக் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு சம்பளம். நாட்டின் சட்டம் இதைவிட நல்லதென்றால் அதுவே செல்லும். கர்ப்பத்தைக் காரணம் காட்டி நீக்கக் கூடாது.

மறுபடி முழங்காலுக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விடுகிறோம். பெரும்பாலும் யாரும் மோதாமலே இது நடக்கிறது. ஓட்டத்தில் சட்டென்று திசை மாறுகிறாள். பாதம் தரையில் ஊன்றியபடி நிற்க, முழங்கால் உள்பக்கமாக மடிகிறது. செயற்கைப் புல்லில் அடியில் நீளமான ஸ்டட் (முளை) உள்ள பூட்ஸ் போட்டால் பாதம் இன்னும் இறுகிக்கொள்ளும். ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் 20 நிமிடம், 15 பயிற்சிகள், வாரத்துக்குக் குறைந்தது இரண்டு முறை. அதில் நார்டிக் பயிற்சியைக் கவனியுங்கள்: மண்டியிட்டு நிற்பவரின் கணுக்காலைத் தோழி அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய வேண்டும். தொடக்கத்தில் 3 முதல் 5 தடவை போதும். முதல் மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு, போட்டி நெருங்கியதும் நேரமில்லை என்று நாலு ஸ்ட்ரெச்சிங்கோடு முடித்துவிடுவதால்தான் பலன் போய்விடுகிறது. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சரிகிறதா என்று பார்க்க எதிரில் ஒருவர் நிற்கவும் வேண்டும்.

காயத்துக்குப் பின் திரும்ப நாள்காட்டி மட்டும் போதாது. அறுவை செய்த காலின் தொடை வலிமை மற்றக் காலில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பார்கள். அந்த மாதங்களில் மற்றக் காலும் மெலிந்துவிடுவதால் ஒப்பீடே ஏமாற்றும். பருவம் தொடங்கும்போதே இரண்டு கால் வலிமையையும் அளந்து, அந்தத் தாளின் நகலை ஆட்டக்காரியே வைத்துக்கொண்டால் பிறகு சரியான அளவுகோல் கையில் இருக்கும்.

2023 உலகக்கோப்பைக்கு முன் இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியானே மிடெமா ஆகியோர் இதே காயத்தால் விலகியபோது அணிகளின் வாய்ப்பு பற்றியே அதிகம் பேசப்பட்டது. அவர்களுக்குப் பெரிய கிளப் துணை இருந்தது. பெயர் தெரியாத ஆட்டக்காரிக்கு அது இல்லை. இனி ஒரு வீராங்கனையின் காயச் செய்தி வரும்போது, அவருடைய ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் பாக்கி, சிகிச்சைச் செலவு யாருடையது என்ற இரண்டையும் கேட்டு வெளியிடும்படி உங்கள் விளையாட்டுப் பிரிவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்