ராக் கச்சேரி: தெருக்காரர் குறையும் ரசிகர் குறையும் ஒன்றே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ கடலூர் வெள்ளி கடற்கரையிலோ ராக் கச்சேரி நடந்தால் மறுநாள் இரண்டு குறைகள் காதில் விழுகின்றன. பக்கத்துத் தெருக்காரர்கள், "ராத்திரி ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது" என்கிறார்கள். கச்சேரிக்குப் போனவர்கள், "பாடினவர் என்ன பாடினார் என்றே புரியவில்லை" என்கிறார்கள். ஒரு தரப்பு சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறது, மறுதரப்பு கூட்டச் சொல்கிறது. அனுமதி தரும் அலுவலர்களும் இதை இசைக்கும் தூக்கத்துக்கும் இடையிலான சண்டையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான்: மைக் செட் வைக்கப்பட்ட விதம்.

நம் ஊர்ப்பக்கம் வழக்கமாக நடப்பது இது. மேடையின் இரண்டு ஓரத்திலும் பாக்ஸ்களை அடுக்கி, கடைசியில் நிற்பவருக்கும் கேட்கட்டும் என்று ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழை) மேலே ஏற்றிவிடுகிறார்கள். திறந்த வெளியில் சாதாரண பாக்ஸிலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் இறங்கும். 5 மீட்டரில் 104 டெசிபல் என்றால் 10 மீட்டரில் 98, 20-ல் 92, 40-ல் 86, 80 மீட்டரில் 80. கடைசி ஆளுக்கு 92 வேண்டும் என்று ஏற்றினால் முன்னால் நிற்பவர் காதில் 116 விழும். அது கேட்கும் அளவு அல்ல, காயப்படுத்தும் அளவு.

இறங்குவதும் எல்லா ஒலிக்கும் ஒரே மாதிரி இல்லை. பாட்டின் சொற்களை விளங்க வைப்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரையுள்ள பகுதி. அது முன்னால் நிற்பவர்களின் தலையிலும் தோளிலும் முட்டி அடங்கிவிடும். காற்றடித்தால் விலகிப் போகும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கிக் டிரம்மும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) பேஸ் கிடாரும் எந்தத் தடைக்கும் நிற்காமல் நாலாபக்கமும் பரவும், சுவரையும் தாண்டும். அதனால் கடைசி வரிசை ரசிகருக்கும் மூன்று தெரு தள்ளிப் படுத்திருக்கும் பெரியவருக்கும் கேட்பது அதே "தும் தும்" மட்டும்தான்.

தீர்வு புதிதல்ல. மேடையிலிருந்து 35–40 மீட்டரில் இரண்டாவது ஜோடி பாக்ஸை ஆள் உயரத்துக்கு மேலே நிறுத்த வேண்டும். அதைத் தாமதப்படுத்தி ஒலிக்கவைப்பது முக்கியம். நம் ஊர் இரவின் 28 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் போகும். 40 மீட்டருக்கு 115 மில்லிசெகண்ட். இதோடு 10 முதல் 15 மில்லிசெகண்ட் சேர்த்து வைத்தால், பக்கத்துப் பாக்ஸிலிருந்து ஒலி வந்தாலும் மேடையிலிருந்து வருவதாகவே காது எடுத்துக்கொள்ளும். தாமதம் வைக்காமல் விட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். "பின்னால் பாக்ஸ் வைத்தோம், குழப்பம்தான் கூடியது" என்று சில அமைப்பாளர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். இந்த இரண்டாம் ஜோடிக்கு பேஸ் எனும் கனத்த தாழ்ந்த ஒலி தேவையே இல்லை. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். மேடைப் பாக்ஸை அப்போது தாராளமாக இறக்கலாம். தெருவுக்குப் போகும் அதிர்வும் கூடவே இறங்கும்.

அடுத்தது மேடை பார்க்கும் திசை. காற்றோடு போகும் ஒலி தரையை நோக்கி வளையும். எதிர்க்காற்றில் போகும் ஒலி மேலே எழும்பித் தலைக்கு மேல் போய்விடும். பிற்பகலில் நமக்குக் கொண்டல் (கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்று) அடிக்கும். இரவு ஏற ஏற அது தணிந்து, காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். கடலுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்து மேடை போட்டால், மாலைக் காற்று மொத்த ஒலியையும் வீட்டு வாசல்களில் கொண்டுபோய் இறக்கும். புகைப்படத்தில் பின்னால் கடல் தெரிய வேண்டும் என்பதற்காகவே இப்படிப் போடுகிறார்கள் என்பது வருத்தமான செய்தி. வெள்ளி கடற்கரை போல மணல் அகலமாக உள்ள இடத்தில் குடியிருப்புக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து மேடை போடலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அதற்கு இடம் போதாது. அங்கே கரையை ஒட்டி வடக்கையோ தெற்கையோ பார்த்து அமைப்பதே சரி.

பேஸை மட்டும் தரும் சப் பாக்ஸ்களிலும் கவனம் வேண்டும். மூன்றில் நடு ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, போலாரிட்டியை (ப்ளஸ்-மைனஸை) மாற்றி, பாக்ஸின் ஆழத்துக்கு ஏற்பச் சில மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்தால், மேடைக்குப் பின்னால் போகும் பேஸ் 10 டெசிபல் அளவுக்குக்கூடக் குறையும். முன்பக்கம் கொஞ்சம் இழப்பு உண்டு. அதற்கு ஒரு பாக்ஸ் கூடுதலாக வாடகைக்கு எடுப்பது மேல். மேடையில் இருப்பவர்களுக்கும் இது நிம்மதி, மைக் ஊளையிடுவது குறையும்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அளவை 'ஏ' வெயிட்டிங்கில், அதாவது காதுக்குக் குறைவாகக் கேட்கும் தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் கணக்கிடும் முறையில், சொல்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில், அப்பகுதி வரம்புக்கு மேல் 10 அல்லது 75, இதில் எது குறைவோ அது. ஆனால் 'ஏ' அளவீடு 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துத்தான் காட்டும். வீட்டின் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே கருவியில் வரம்புக்குள் என்று வரலாம். அதே கருவியில், பேஸை அவ்வளவு குறைக்காத 'சி' என்ற தெரிவும் இருக்கும். இரண்டையும் குறித்து, 'சி' அளவு 'ஏ' அளவைவிட 20 டெசிபலுக்கு மேல் கூடுதலாக இருந்தால் சப் பாக்ஸை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். கச்சேரியை நிறுத்த வேண்டியதில்லை.

இனி உயிர் சம்பந்தப்பட்டது. கிடார் ஆம்ப்ளிஃபையரில் 'உம்ம்' என்று ஹம் வந்தால் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். கிடார் கம்பியில் விரல், மைக் வலையில் உதடு, உப்புக்காற்றில் வியர்த்த உடம்பு: மின்சாரம் பாய வேறு வழி தேட வேண்டியதில்லை. ஹம்மைப் போக்க, கிடாரை மைக் செட்டோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் போதும். அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், பாதுகாப்பு எர்த்தைத் தொடாது. மேடைச் சப்ளைக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். காய்ந்த மணலில் இரண்டடி கம்பி அடித்தால் அது எர்த் ஆகாது. ஈரம் தட்டும் ஆழம் வரை போக வேண்டும். மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400 வரை ஏறும். எனவே முதலில் மல்டிமீட்டர், பிறகு ஆம்ப்ளிஃபையர். பாடகர் மைக்கை நெருங்குமுன் கிடார் கம்பிக்கும் மைக் வலைக்கும் இடையே ஏசி வோல்டேஜ் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காரணம் தெரியும்வரை யாரும் தொடக்கூடாது. லைட்டுக்கும் சவுண்டுக்கும் தனித்தனி ஜெனரேட்டர் வைத்தால் விளக்கை மங்கவைக்கும் டிம்மரால் வரும் இரைச்சலும் போய்விடும்.

இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நிகழ்ச்சி நிரல் அதை வைத்து எழுதப்படுவதில்லை. பாவம், கடைசியாக ஏறும் குழுதான் இரண்டே பாட்டோடு இறக்கப்படுகிறது. ஐந்து குழு, ஆளுக்கு 30 நிமிடம், நடுவில் மாற்ற 15 நிமிடம் என்றால் மூன்றரை மணி நேரம். 6 மணிக்குத் தொடங்கினால் 9.30-க்கு முடியும். டிரம் செட் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் அவரவருடையது. சவுண்ட் செக்கைத் தலைகீழாக நடத்த வேண்டும்: கடைசிக் குழு முதலில், முதல் குழு கடைசியில். அப்போது முதல் குழுவின் செட்டிங் கலையாமல் இருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் கிக், ஸ்னேர், மற்ற டிரம், பேஸ், கிடார், கீபோர்டு, குரல், பிறகு எல்லாம் சேர்த்து ஒரு பாட்டு. கிடார் ஆம்ப்ளிஃபையரைத் தரையில் வைத்தால் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் கேட்கும். அவர் ஏற்றிக்கொண்டே போவார், குரல் மூழ்கும். பின்னால் சாய்த்து முகத்துக்கு நேராக வையுங்கள்.

ரசிகர்களுக்கு: நல்ல ஒலி கேட்கும் இடம் மிக்சர் கூடாரத்தின் அருகே. அங்கு கேட்பதை வைத்துத்தான் இன்ஜினியர் எல்லாவற்றையும் சமன் செய்கிறார். சப் பாக்ஸ் இடமும் வலமுமாகப் பிரிந்திருந்தால் நட்டநடுவில் பேஸ் குவியும். இரண்டடி ஒதுங்கினாலே தெளிவு கூடும். மேடையை ஒட்டி நின்றால் பாக்ஸ்களின் ஒலி தலைக்கு மேலே போய்விடும், குரல் கேட்காது.

காது விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் கவலை தருகிறது. அமெரிக்காவின் தொழில்நலப் பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100-ல் 15 நிமிடம்தான். நிகழ்ச்சிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்ன உச்சவரம்பும் 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். பஞ்சு வைத்தால் பயன் மிகக் குறைவு. மருந்துக்கடை ஃபோம் பிளக்கை மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும்வரை 30 நொடி பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். குழந்தைகளைத் தோளில் ஏற்றி சப் பாக்ஸ் முன் நிற்பவர்களைத் தயவுசெய்து பக்கத்தில் இருப்பவர்களாவது பின்னுக்கு அழைத்துச் செல்லுங்கள். மறுநாளும் காதில் 'ஙொய்' என்ற ரீங்காரம் நிற்காவிட்டால் காது மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2023 நவம்பரில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கச்சேரி தொடங்கும் வேளையில் நெரிசலில் நான்கு பேர் இறந்தனர். குறுகிய வாசல், இறங்கும் படிகள், திடீர் மழை. நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் மழை எப்போதும் திடீர்தான். அனுமதி விண்ணப்பத்தோடு வாசல்களின் எண்ணிக்கை, அகலம், மேடை பார்க்கும் திசை, இரண்டாம் ஜோடி பாக்ஸ் நிற்கும் இடம், எர்த் சோதனைச் சான்று ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் வரைந்து கேட்கும் முறையைப் புதுச்சேரி, கடலூர் நிர்வாகங்கள் கொண்டுவர வேண்டும். ஜூன் 21 இசைத் திருவிழாவுக்கு முன்பே அது நடைமுறைக்கு வந்தால், அன்று மேடை ஏறும் கல்லூரிக் குழுக்களுக்கே முதல் பயன் கிடைக்கும்.

இப்படிக்கு,
ராக் இசை ரசிகர்களும் மேடை ஒலியமைப்பாளர்களும்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.