தமிழ்த் திரையிலும் சோதனை ஓட வேண்டும்: வணிக மென்பொருள் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணிக மென்பொருள் உருவாக்கும் நிறுவனங்களின் தயாரிப்புப் பொறுப்பாளர்களுக்கும் சோதனைக் குழுத் தலைவர்களுக்கும் வணக்கம்.

பில் போடுவதற்கும் கணக்கு எழுதுவதற்கும் சரக்கிருப்பு பார்ப்பதற்குமான மென்பொருள்களுக்குத் தானியக்கச் சோதனை, அதாவது ஆளில்லாமல் தானே திரையை இயக்கிச் சரிபார்க்கும் நிரல், எழுதுவது என் தொழில். நான் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. ஆனால் இரவுதோறும் ஓடும் சோதனைத் தொகுப்பு ஆங்கிலத் திரையில் மட்டுமே ஓடியது. தமிழுக்கு, வெளியீட்டுக்கு முந்தைய நாள் யாராவது ஒருவர் நான்கைந்து திரைகளைத் திறந்து பார்ப்பதோடு சரி. ஆங்கிலத்தில் ஓடும் அதே தொகுப்பு, நீங்கள் விலைக்கு விற்கும் ஒவ்வொரு மொழியிலும் ஓட வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

ஒருமுறை, என் வற்புறுத்தலின் பேரில் ஒரு தொகுப்பைத் தமிழ்த் திரையில் ஓட்டிப் பார்த்தோம். காலையில் வந்த அறிக்கையில் ஒரு சோதனை தோற்றிருந்தது. எதிர்பார்த்த சொல் ‘கொள்முதல்’. கிடைத்த சொல்லும் ‘கொள்முதல்’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. சோதனைதான் தவறு, அதை விலக்கிவிடுங்கள் என்றார்கள். உள்ளே இருந்த குறியீடுகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். யூனிகோட் நெறிப்படி இரண்டும் சமம். ஆனால் எங்கள் மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் அப்படியே சேமித்து வந்தது. அதனால் ஒரு விசைப்பலகையில் தட்டிய கணக்குத் தலைப்பை வேறொரு விசைப்பலகையில் தட்டித் தேடினால் கிடைக்காது. கடையில் இருப்பவர் கணக்கு காணாமல் போய்விட்டது என்றே நினைப்பார். விலக்கச் சொன்ன சோதனை சரியாகத்தான் தோற்றிருந்தது.

பெயர்களின் நீளமும் இப்படித்தான். ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயர் தமிழில் 9 எழுத்துகள். யூனிகோடில் 16 குறியீடுகள். அந்தக் குறியீடுகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை என்பதால் மொத்தம் 48 பைட்டுகள். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 17 பைட்டுகளோடு முடிந்துவிடும். வாடிக்கையாளர் பெயருக்குத் தரவுத்தளத்தில் 40 பைட்டுகள் ஒதுக்கியிருந்தால் ஆங்கிலச் சோதனை என்றைக்கும் தோற்காது. தமிழ்ப் பெயரோ ஏற்கப்படாது, அல்லது ‘மீனாட்சிசுந்த’ என்று பாதியில் அறுந்து, கடைசியில் உடைந்த பைட்டு ஒன்றோடு நிற்கும். திரையின் மொழியை மாற்றினால் மட்டும் போதாது, சோதனைக்குக் கொடுக்கும் தரவும் தமிழில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தமிழ்த் திரையில் சோதனைகள் அடிக்கடி உடைகின்றன என்பது நான் அதிகம் கேட்ட மறுப்பு. அவை உடைவதற்குக் காரணம், பொத்தான்களை அவற்றின் மேல் எழுதியிருக்கும் சொல்லைக் கொண்டு தேடுவதுதான். ஓர் இடத்தில் ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு ‘சேமி’ என்ற சொல் வரும் இடத்தை அழுத்தும்படி எழுதியிருந்தார்கள். அந்தத் திரையில் அதற்கு முன்பாகவே ‘சேமிப்புக் கணக்கு’ என்றொரு தாவல் இருந்தது. சோதனை நிரல் அதை அழுத்தியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை என்பதை மட்டும் பார்த்தது. தேர்ச்சி என்று பச்சை காட்டியது. பதிவு சேமிக்கப்படவே இல்லை. தோற்ற சோதனையைவிட இப்படித் தேறிய சோதனை எனக்கு அதிகக் கவலை தருகிறது. விண்டோஸ் மென்பொருள்களில் திரையில் தெரியும் பெயரைத் தவிர, மொழி மாறினாலும் மாறாத தானியக்க அடையாளம் ஒன்றையும் ஒவ்வொரு உறுப்புக்கும் கொடுக்க வழி இருக்கிறது. வலைத் திரைகளில் ஒவ்வொரு உறுப்பின் நிரலிலும் சோதனைக்கென்று ஒரு பண்பைச் சேர்த்தால், செலினியம், பிளேரைட் என்ற சோதனைக் கருவிகள் இரண்டுமே அதைக் கொண்டு தேடும். உருவாக்குநர்கள் திரையை எழுதும்போதே இதைச் செய்யும்படி விதி வையுங்கள். பிறகு சேர்ப்பது பெரும் வேலை.

எண்களுக்கும் இதே கவனம் வேண்டும். மென்பொருளின் மொழி, நாட்டு அமைப்பைப் பொறுத்து எண்ணின் வடிவம் மாறும்: இந்தியத் தமிழ் அமைப்பில் 1,25,000.00 என்று வரும் தொகை, சிங்கப்பூர், மலேசியத் தமிழ் அமைப்புகளில் 125,000.00 என்றும், ஜெர்மன் அமைப்பில் 125.000,00 என்றும் வரும். காற்புள்ளியை நீக்கிவிட்டு எண்ணாக வாசிக்கும் சோதனை, ஜெர்மன் திரையில் அந்தத் தொகையை 125 என்றே புரிந்துகொள்ளும்.

இயந்திரத்தால் பார்க்க முடியாதவையும் உண்டு. பிடிஎஃப் பில்லில் எழுத்துகளைக் கோக்கும் நிரல் சரியில்லாவிட்டால், ‘பெயர்’ என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆனால் உரையை மட்டும் எடுத்து ஒப்பிடும் சோதனைக்கு அது சரியாகவே தெரியும். ‘பேலன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கணக்கில் ‘நிலுவை’ என்று வர வேண்டிய இடத்தில் ‘சமநிலை’ என்று மொழிபெயர்த்திருந்தாலும் சோதனை தேறிவிடும். எனவே ஓட்டத்தின்போது ஒவ்வொரு திரையையும், அச்சாகும் ஒவ்வொரு தாளையும் படமெடுத்து, அந்த மொழியில் கணக்கு எழுதிப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குத் தனிச் சொற்களின் அட்டவணையை மட்டும் அனுப்பும் வழக்கத்தை விட இது எவ்வளவோ மேல்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்பது நியாயம். வரிக் கணக்கீடு போன்றவற்றைத் திரையில்லாமல் ஒருமுறை சோதித்தால் போதும். பதிவு, தேடல், அச்சு, தரவு ஏற்றுமதி ஆகியவற்றை மட்டும் எல்லா மொழிகளிலும் ஓட்டுங்கள். மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே, சொற்களைச் செயற்கையாக நீட்டிக் காட்டும் போலி மொழி ஒன்றில் ஓட்டினால், இடம் போதாத பொத்தான்களும் மொழிபெயர்ப்புக்கே அனுப்பாமல் விட்ட சொற்களும் அன்றைக்கே வெளிப்படும். ஆண்ட்ராய்டில் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது.

உங்கள் அடுத்த வெளியீட்டுக் குறிப்பில், எந்தெந்த மொழிகளில் சோதனைத் தொகுப்பு முழுவதும் ஓடியது, எவற்றில் ஓடவில்லை என்பதை வாங்குபவர் படிக்கும்படி எழுதுங்கள். தமிழ் எந்த வரிசையில் வந்தாலும் அதை உள்ளபடியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்த் திரையில் சோதனை எழுதும் பொறியாளர் ஒருவர்